கேனானா, நிக்கானா, சோனியா? முதலில் சுண்டுவிரலைக் கேளுங்கள்

சோனி ஏ7ஆர் மார்க் 5 கேமரா பாடியின் (லென்ஸ் இல்லாத உடலின்) உயரம் 96.9 மில்லிமீட்டர். கேனான் ஆர்5 97.5. நிக்கான் இசட்8 118.5. மெகாபிக்சல் கணக்குக்குப் போவதற்கு முன்னால் இந்த மூன்று எண்களையும் பார்த்துவிடுங்கள். கை கொஞ்சம் பெரியதாக இருந்தால் முதல் இரண்டு பாடியிலும் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது. அடியில் மடங்கிக் கிடக்கும். அரை மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. 70-200 எஃப்/2.8 லென்ஸை மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் நின்றால், நாலு விரல் தாங்க வேண்டிய பாரத்தை மூன்று விரல் தாங்கி, முன்கை வரை இழுக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் 1/125 நொடியில் எடுக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண் இமைகள் லேசாக இரட்டை இரட்டையாகத் தெரியும். 61 மெகாபிக்சல் சென்சார் அந்த நடுக்கத்தை ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் ஹேண்ட்லிங் ஒரு பட்டியல், படத்தரம் இன்னொரு பட்டியல் என்று பிரித்து மதிப்பெண் போடும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்றைய ஃபுல்ஃப்ரேம் பாடிகளில், நல்ல வெளிச்சத்தில், ட்ரைபாடில் வைத்து, ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுத்தால், எந்தப் படம் எந்த பிராண்ட் என்று கண்டுபிடிப்பது தொழில் தெரிந்தவருக்கே கஷ்டம். வித்தியாசம் வருவதெல்லாம் ஓரங்களில்தான்: வேகமாகச் சுடும்போது, செயற்கை வெளிச்சத்தில், நிழலை நாலு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கும்போது, கை ஓய்ந்துபோன பிறகு. உங்கள் வேலை எந்த ஓரத்தில் நடக்கிறது என்று தெரிந்தால் பிராண்ட் பாதி முடிவாகிவிடும்.

பிடியும் விரல்களும்

எடை குறைந்தால் வசதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் பாடியின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பேட்டரி, கார்டு சேர்த்து ஏ7ஆர் மார்க் 5 723 கிராம், ஆர்5 738, இசட்8 910. இனி 70-200 எஃப்/2.8 வரிசையை எடுங்கள். சோனியின் இரண்டாம் தலைமுறை ஜிஎம் லென்ஸ் 1045 கிராம், கேனானின் முதல் ஆர்எஃப் லென்ஸ் 1070, நிக்கான் இசட் 1360. மூன்றும் ட்ரைபாட் காலர் இல்லாமல். ஆக லென்ஸோடு சேர்த்தால் நிக்கான் ஜோடி மற்ற இரண்டையும் விடச் சுமார் அரை கிலோ கூடுதல். ஆனாலும் பிடி ஆழமாக, நாலு விரலுக்கும் இடத்தோடு இருப்பதால் சிலருக்கு அந்த ஜோடிதான் கையில் அடங்கி நிற்கும். அதே இசட்8-இல் ஒரு குட்டி 35 எஃப்/1.8 மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது தேவையில்லாத சுமை. எந்த லென்ஸ் அதிக நேரம் மாட்டியிருக்குமோ அதை மாட்டித்தான் எடை போட வேண்டும்.

கேனானின் அந்த 70-200 ஜூம் செய்யும்போது வெளியே நீளும் வகை. பையில் வைக்கும்போது சின்னதாக அடங்கும். அந்தச் சௌகரியத்துக்கு விலை, அதில் டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் இணைப்பு) மாட்ட முடியாது. சோனி, நிக்கான் லென்ஸ்கள் உள்ளேயே ஜூம் ஆகும், டெலிகன்வர்ட்டரும் ஏற்கும். மைதானத்தில் நின்று 1.4 மடங்கு கன்வர்ட்டரை நம்பிப் பிழைப்பவருக்கு இந்த ஒரு விஷயமே போதும். கேனானின் 100-500 லென்ஸிலும் ஒரு சிக்கல்: கன்வர்ட்டர் மாட்டினால் 300-க்குக் கீழே வர முடியாது. பையில் வைக்கும்போதும் நீட்டியபடியேதான் வைக்க வேண்டும்.

பிடிக்கும் லென்ஸ் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. சின்ன பாடியில் தடித்த லென்ஸ் மாட்டும்போது நடுவிரலின் முட்டி லென்ஸில் உரசும். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் தோல் சிவக்கும். கையுறை போட்டு வேலை செய்பவர் கையுறையோடுதான் சோதிக்க வேண்டும். செங்குத்துப் பிடி வாங்கி மாட்டினால் சுண்டுவிரல் பிரச்சினை தீரும். ஆனால் எடை குறைவு என்பதற்காக அந்த பாடியை வாங்கியிருந்தால், வாங்கிய காரணமே அதோடு போய்விடும்.

அடுத்தது டயல்கள். கேனானில் முக்கிய டயல் ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால், மேல்தட்டில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் ஷட்டரை விட்டுப் பின்னுக்கு வர வேண்டும். பின்புறம் பெரிய சக்கரம் கட்டைவிரலுக்கு. நிக்கானில் முன் டயல் பிடியின் முகப்பில், ஷட்டருக்குக் கீழே. பின் டயல் கட்டைவிரலுக்கு. நடுவிரலால் முன் டயலைத் திருப்பப் பழகியவர்கள் ஆள்காட்டி விரலை ஷட்டரிலிருந்து எடுப்பதே இல்லை. சோனியும் முன், பின் என்று இரண்டு டயல் வைத்து, மேலே வலது ஓரத்தில் இன்னொன்றும், முதுகில் ஒரு வளையமும் தருகிறது. எண்ணிக்கையில் சோனி முன்னால். ஆனால் அந்த முதுகு வளையம் சின்னது, ஈரக் கையில் வழுக்கும். கேனானின் பெரிய சக்கரத்தை இருட்டிலும் விரல் தானே தேடிப்போகும்.

நிக்கானின் முன்பக்கம், லென்ஸ் மவுண்டுக்கு (லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கு) பக்கத்தில், நடுவிரலும் மோதிரவிரலும் படும் இடத்தில் எஃப்என்1, எஃப்என்2 என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ஃபோகஸ் ஏரியாவை மாற்றுவது, இன்னொன்றில் வேறொரு தேவை என்று வைத்துக்கொண்டால், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே காரியம் நடக்கும். என் கணக்கில் மூன்று பிராண்டிலும் விரலுக்கு மிக நன்றாக யோசித்து வைத்த இடம் இதுதான். பிரச்சினை, சின்ன விரல் உள்ளவர் பாடியைப் பிடிக்கும்போதே தெரியாமல் அமுக்கிவிடுவார். அப்படியானால் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு வேறிடத்தில் வையுங்கள்.

சுவிட்சுகள் செய்யும் விஷமம் தனி. ஆர்5-இல் ஆன்-ஆஃப் சுவிட்ச் இடது தோளில் இருக்கிறது. ஆர்6 மார்க் 2-இல் அது வலப்பக்கம் போய்விட்டது. இடது தோளில் அதே இடத்தில் போட்டோ-வீடியோ மாற்றும் சுவிட்ச். இரண்டையும் ஒன்றாக வைத்து வேலை செய்பவர் அணைப்பதாக நினைத்து வீடியோவுக்குத் தள்ளிவிடுவார். அடுத்த தருணத்தில் ஷட்டரை அமுக்கினால் படம் கிடைக்காது. ஆர்5 மார்க் 2-இல் கேனானே சுவிட்சை வலப்பக்கம் கொண்டுவந்துவிட்டது. சோனியிலும் நிக்கானிலும் அது ஷட்டரைச் சுற்றியே இருக்கிறது, ஒரு கையால் முடியும். ஒரே பிராண்டில் இரண்டு பாடி வாங்கினால் பழக்கம் ஒன்றாக இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். தோள் அமைப்பு ஒன்றா என்று பாருங்கள்.

கடையிலோ வாடகைக்கு எடுத்தோ செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒருவரை வரிசையில்லாமல் கட்டளை சொல்லச் சொல்லுங்கள்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஃபோகஸ் புள்ளி இடது மேல் மூலை, எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் குறை, முகம் தேடுவதை நிறுத்து, தொடர் வேகத்தைக் குறை. முதல் முறை எல்லா பிராண்டும் தடுமாறும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பொத்தான்களை உங்கள் இஷ்டப்படி அமைத்து, ஒரு மணி நேரம் பழகிவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் கண்ணை எடுக்க வேண்டிவந்த இடங்கள்தான் அந்த பாடியின் உண்மையான குறை. மற்றதெல்லாம் பழக்கம்.

அமைப்புகளைச் சேமித்து வைக்கும் விதமும் தினசரி வேலையில் உறுத்தும். கேனானின் சி1, சி2, சி3 டயல் நிலைகளில் வைத்ததை நடுவில் மாற்றினாலும், கேமராவை அணைத்துப் போட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும்படி வைக்கலாம். நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் அந்த மாதிரி டயல் கிடையாது. ஏ முதல் டி வரை மெனு வங்கிகள்தான். வங்கியில் இருக்கும்போது ஒன்றை மாற்றினால் அந்த மாற்றம் அப்படியே வங்கியில் உட்கார்ந்துவிடும். இன்று அவசரத்தில் வைத்த ஐஎஸ்ஓ நாளை காலை உங்களை வரவேற்கும். நிக்கான் இசட்6 மார்க் 3-இல் யு1, யு2, யு3 இருக்கின்றன. விலை உயர்ந்ததில் இல்லாத வசதி, அடுத்த படியில் இருக்கிறது. வேடிக்கைதான்.

கண்ணாடி போடுபவர்கள் வியூஃபைண்டரின் புள்ளி எண்ணிக்கையைவிடக் கண்ணுக்கான தூரத்தை, அதாவது கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும். ஏ7ஆர் மார்க் 5-இல் 25 மி.மீ., ஆர்5-இல் 23, இசட்8-இல் 21. இந்த நாலு மி.மீ. வித்தியாசத்தில்தான் கண்ணாடியோடு நாலு மூலையும் தெரிவதும், கண்ணை உருட்டிப் பார்ப்பதும் இருக்கிறது. ஏ7ஆர் மார்க் 5-இன் 94.4 லட்சம் புள்ளிகள் இசட்8-இன் 36.9 லட்சத்தை விட மிக நுணுக்கம். கையால் ஃபோகஸ் செய்பவருக்கு அது பெரிய உதவி. ஓடும் ஆட்டத்தைப் பின்தொடர்பவருக்குப் புள்ளிகளைவிடப் படம் இடையில் இருளாமல் ஓடுவதுதான் முக்கியம். அங்கே இசட்8 நன்றாக நிற்கும்.

சென்சார் எங்கே பிரிகிறது

அடிப்படை ஐஎஸ்ஓவிலிருந்து தொடங்கலாம். இசட்8 64-இல் தொடங்குகிறது. கேனான், சோனி பாடிகள் பெரும்பாலும் 100. இடைவெளி ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப். 64-இல் சென்சார் அவ்வளவு கூடுதல் வெளிச்சத்தை நிரம்பாமல் ஏற்கிறது, அதனால் நிழல் சுத்தமாக வருகிறது. ஆனால் இந்த ஆதாயம் அந்தக் கூடுதல் வெளிச்சத்தைக் கொடுக்க முடிந்தால்தான் உண்டு. ட்ரைபாடில் நிற்கும் நிலக்காட்சிக்கும் ஸ்டுடியோவுக்கும் சரி. ஐஎஸ்ஓ 1600-இல் வேலை செய்பவருக்கு 64 என்ற எண் வெறும் அலங்காரம்.

எதிர்ப்பக்கம் சோனி ஏ9 மார்க் 3. 2023-இல் அறிமுகமான இதன் குளோபல் ஷட்டர் எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் படிக்கிறது. வேகமாக நகரும் பொருள் வளைந்து தெரியாது, ஃப்ளாஷ் எந்த வேகத்திலும் ஒத்துப்போகும். விலை, அடிப்படை ஐஎஸ்ஓ 250. நூறோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் இழப்பு. விளையாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சூரிய உதயத்தை ஒரே ஃபிரேமில் அடக்க நினைப்பவருக்கு அது தவறான பாடி.

சென்சாருக்கு இரண்டாவது பெருக்கப் புள்ளி (டூயல் கெயின்) ஒன்று உண்டு. இன்றைய சென்சார்களில் ஒரு குறிப்பிட்ட ஐஎஸ்ஓவில் உள்ளே இருக்கும் மின்சுற்று மாறி, வாசிப்பு நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான அழுக்கு) சட்டென்று குறையும். இசட்8-இல் அது 500, ஏ7ஆர் மார்க் 5-இல் 320, ஏ7 மார்க் 4-இலும் ஆர்5-இலும் 400. பயன் என்னவென்றால், இசட்8-இல் 400-இல் எடுப்பதைவிட 500-இல் எடுத்தால் நிழல் சுத்தமாக இருக்கும். 250, 320, 400 என்று தடவிக்கொண்டிருக்காமல் நேராக அந்தப் புள்ளிக்குத் தாவிவிடுவது நல்லது.

நிழலைத் தூக்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஜன்னலும் அறையின் இருண்ட மூலையும் ஒரே ஃபிரேமில் வரட்டும். ட்ரைபாட், அடிப்படை ஐஎஸ்ஓ, மேனுவல். ஹைலைட் வெட்டுப்படாமல் சரியாக நிற்கும் இடத்தில் ஒன்று, பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து ஐந்து வரை எடுங்கள். மென்பொருளில் குறைத்த அளவே திரும்ப ஏற்றுங்கள். மூன்று ஸ்டாப் வரை மூன்று பிராண்டுமே தாங்கும். நாலு, ஐந்தில்தான் குணம் தெரியும்: நாய்ஸ் மணல் மாதிரி சீராக இருக்கிறதா, நிழல் ஊதாவாகவோ பச்சையாகவோ சாய்கிறதா, குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா. கோடுதான் மோசம். மணல் நாய்ஸை மென்பொருள் சமாளிக்கும், கோட்டைச் சமாளிக்காது.

ஒப்பிடும்போது பலர் சறுக்கும் இடம், இரண்டு ஃபைலையும் நூறு சதவீதத்தில் பக்கம் பக்கமாக வைப்பது. 61 மெகாபிக்சல் படம் அப்போது 24 மெகாபிக்சலைவிட அழுக்காகத்தான் தெரியும், ஏனெனில் அதை அதிகமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். இரண்டையும் 6000 பிக்சல் அகலத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரே மென்பொருள், நாய்ஸ் குறைப்பு பூஜ்யம், ஷார்ப்பனிங் பூஜ்யம். லென்ஸின் எஃப் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போகும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது. மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசம் லென்ஸாலேயே வரலாம். அதைச் சென்சாரின் தலையில் கட்டிவிடக் கூடாது.

எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பதை அச்சின் அளவு சொல்லும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 6000×4000 படம் 20×13 அங்குலம் வரும். இசட்8-இன் 8256×5504 படம் 27.5×18. ஏ7ஆர் மார்க் 5-இன் 9504×6336 ஏறக்குறைய 31.7×21. வெட்டாமல் ஆல்பத்துக்கு மட்டும் எடுப்பவருக்கு 24-ஏ தாராளம். பறவை எடுப்பவர் பாதிக்கு மேல் வெட்டுவார், அவருக்கு 45 வேண்டும். 61-இல் பிக்சல் அகலம் 3.76 மைக்ரான், எஃப்/11 தாண்டினால் டிஃப்ராக்ஷன் மென்மை (சின்னத் துளையில் ஒளி சிதறி வரும் மங்கல்) கண்ணுக்குப் படத் தொடங்கும், கை நடுக்கமும் சீக்கிரம் தெரியும். குவிநீளத்துக்கு ஒன்று என்ற பழைய ஷட்டர் விதியை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் ஷட்டர் என்னும் கண்ணி

விளம்பரத்தில் வரும் நொடிக்கு 20, 30 படம் எல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான். சென்சார் மேலிருந்து கீழ் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. அதற்கு ஆகும் நேரம் பாடிக்குப் பாடி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இசட்8-க்குச் சுமார் 4 மில்லி நொடி, சோனி ஏ1-க்கும் அதேதான். ஆர்5-க்குச் சுமார் 16. ஏ7ஆர் மார்க் 5-க்கு ஏறக்குறைய 100. ஓடும் வண்டியின் சக்கரம் முட்டையாவதும், வீசும் மட்டை வளைவதும் இதனால்தான். இசட்8-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. இவ்வளவு வேகமாகப் படிப்பதால்தான் அதை எடுத்துவிட முடிந்தது. ஏ7ஆர் மார்க் 5-இல் சத்தமில்லாத ஷட்டரை அசையாத பொருளுக்கு மட்டும் வையுங்கள்.

செயற்கை விளக்கில் இந்த எண் இன்னும் முக்கியம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும், அதாவது 10 மில்லி நொடிக்கு ஒரு துடிப்பு. 100 மில்லி நொடி எடுக்கும் சென்சாரில் ஒரு படத்துக்குள் பத்து இருட்டுப் பட்டைகள் விழும். 16 எடுப்பதில் ஒன்று அல்லது இரண்டு. 4 எடுப்பதில் முழுப் பட்டை விழாது. பதிலாக ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் தீரும். 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/120, 1/60. மேடையின் எல்இடி திரை இதைவிட மிக வேகமாகத் துடிக்கும், அங்கே மெல்லிய கோடுகள் வரும். ஷட்டரை மிக நுண்ணிய படிகளில் நகர்த்தும் வசதி இன்றைய உயர்நிலை பாடிகளில் இருக்கிறது; கோடு மறையும் வரை திருகிக்கொண்டே வர வேண்டும். நேரம் இல்லையென்றால், மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கும் பாடியில் அதற்கு மாறிவிடுங்கள். பல சமயம் தொல்லை குறையும்.

வேகம் கூடும்போது ரா ஃபைலின் ஆழமும் குறையலாம். ஆர்5 மெக்கானிக்கலில் 14 பிட் தரும்; அதன் அதிவேகத் தொடரில் 13, எலக்ட்ரானிக்கில் 12. ஏ7 மார்க் 4 நொடிக்கு 10 படம் எடுக்க வேண்டுமானால் இழப்புள்ள சுருக்கத்துக்குப் போக வேண்டும். இழப்பில்லாத சுருக்கத்தில் 6 படம்தான். அந்த இழப்பு முகங்களில் தெரியாது. இருண்ட வானத்தின் முன்னால் பளிச்சென்ற விளக்கு மாதிரி கூர்மையான விளிம்பில், நிழலைத் தூக்கும்போது, சிறு பிசிறாகத் தெரியும். இசட்8 ரா ஃபைலில் 20 படம் தருகிறது. 30 வேண்டுமென்றால் ஜேபெக் மட்டும். பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்க்கும்போது, எந்த ஷட்டரில், எந்த ஃபைலில், எந்த லென்ஸில் என்று மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். லென்ஸ் ஏன் என்றால், சோனி பாடிகளில் வேற்று நிறுவன லென்ஸ் மாட்டினால் நொடிக்கு 15-க்கு மேல் போகாது.

எலக்ட்ரானிக் முதல் திரையையும் (பதிவு எலக்ட்ரானிக்காகத் தொடங்கி மெக்கானிக்கலாக முடியும் ஷட்டர்) சும்மா விடக் கூடாது. எஃப்/1.4-இல் 1/2000-க்கு மேல் போனால் பின்னணி மங்கல் வட்டங்கள் பாதி வெட்டுப்பட்ட மாதிரி வரும். லென்ஸில் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். முழு மெக்கானிக்கலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஃப்ளாஷ் வேலைக்கு ஒத்திசைவு வேகத்தை, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். ஏ1 மெக்கானிக்கலில் 1/400 தருகிறது, இசட்8 1/200. வெயிலில் ஃப்ளாஷ் அடித்து ஆள் எடுப்பவருக்கு இது முழுதாக ஒரு ஸ்டாப் பவர். மீடியம் ஃபார்மட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் வரிசை 1/125-இல் நிற்கும். ஹாஸல்பிளாட் எக்ஸ்2டி லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் வைத்திருப்பதால் 1/2000-இலும் ஃப்ளாஷ் அடிக்கலாம். ஆனால் நொடிக்கு 3.3 படம், வீடியோ சுத்தமாகக் கிடையாது. 43.8×32.9 மி.மீ. சென்சார் ஃபுல்ஃப்ரேமைவிட 1.67 மடங்கு பெரிது, அதாவது முக்கால் ஸ்டாப். எஃப்/4 லென்ஸ் மாட்டினால் அந்த முக்கால் ஸ்டாப்பை லென்ஸே தின்றுவிடும்.

நிறம், ஃபோகஸ், லென்ஸ்

"கேனானில் சருமம் நன்றாக வரும்" என்ற பேச்சு ஜேபெக் எடுப்பவருக்குச் சரி. ரா எடுத்தால் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பகுதி மென்பொருளின் புரொஃபைல். லைட்ரூமில் திறந்தவுடன் அடோபி கலர்தான் உட்காரும். கேமராவின் பின்திரையில் பார்த்த நிறம் வேண்டுமானால் கேமரா மேட்சிங் பட்டியலுக்குப் போக வேண்டும். இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது வெள்ளைச் சமநிலையில் இரண்டிலும் 5200 என்று போட்டு ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும். ஒரே எண் இரண்டு பிராண்டில் ஒரே நிறம் அல்ல. 24 கட்டம் உள்ள கலர் சார்ட்டை இரண்டிலும் எடுத்து, சாம்பல் கட்டத்தில் சமநிலை வைத்து, இரண்டுக்கும் தனித்தனிப் புரொஃபைல் செய்த பிறகு பாருங்கள். பிராண்ட் நிறம் என்று பேசியதில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். எடுத்த இடத்திலேயே ஜேபெக் கொடுத்தாக வேண்டிய வேலை என்றால் கதை வேறு. அங்கே கேமராவின் நிறம்தான் கடைசி நிறம், உங்கள் வாடிக்கையாளரின் சரும நிறத்தில் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆட்டோஃபோகஸை எண்ணிப் பார்க்க வேண்டும், மனசுக்குத் தோன்றுவதைச் சொல்லக் கூடாது. 85 மி.மீ. லென்ஸ் முழுத் திறப்பில், ஷட்டர் 1/1000, நொடிக்கு 10 படம். ஒருவர் பத்து மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை இயல்பாக நடந்து வரட்டும். ஐந்து முறை. ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீதத்தில் திறந்து, கிட்டக் கண்ணின் இமை கூர்மையா என்று மட்டும் பார்த்துக் குறியுங்கள். கடைசி மூன்று மீட்டரில்தான் வித்தியாசம் வரும், ஏனென்றால் அங்கேதான் லென்ஸின் மோட்டார் வேகமாக ஓட வேண்டியிருக்கும். தவறுகள் எல்லாம் முகத்துக்குப் பின்னால் விழுந்தால் மோட்டார் பின்தங்குகிறது. முன்னும் பின்னுமாகச் சிதறினால் பாடி தடுமாறுகிறது. பிறகு அதே சோதனையை, இடையில் ஒருவர் குறுக்கே நடந்துபோகும்படி செய்யுங்கள். பாடி குறுக்கே வந்தவரைப் பிடித்துக்கொண்டால் தொடர்தல் உணர்வைக் குறைத்துப் பாருங்கள்.

மவுண்ட் கணக்கும் முடிவில் புகுந்துவிடும். சோனி இ மவுண்ட் 2010-இலிருந்து இருக்கிறது, சிக்மா, டாம்ரான் எல்லாரும் அதற்குச் செய்கிறார்கள். நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் இரண்டும் 2018. நிக்கான் ஓரளவு திறந்திருக்கிறது. கேனான் ஃபுல்ஃப்ரேம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விஷயத்தில் கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறது. ஆனால் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் குறையில்லாமல் ஓடுகின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பாடியின் திருகால் ஓடும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் கைஃபோகஸ்தான். கையில் அப்படி நாலு லென்ஸ் வைத்திருந்து, பிராண்ட் மாறாமல் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைத்தால் இங்கே இடிக்கும்.

புதிய லென்ஸ்களில் சில, ஓர வளைவை மென்பொருள் நிமிர்த்தும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தவை. கேனான் ஆர்எஃப் 14-35 எஃப்/4 அதற்கு உதாரணம். 14-இல் திருத்தம் இல்லாமல் திறந்தால் மூலைகள் கறுத்தே கிடக்கும். இழுத்து நிரப்பிய மூலையில் நட்சத்திரமோ இலைகளோ கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். கட்டடம் எடுப்பவர் திருத்தத்துக்குப் பிறகான மூலையைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதற்கும் அப்போதே ஒரு சோதனை: தூரத்தில் ஒரு கம்பமோ கோபுரமோ இருந்தால், அதை நாலு மூலையிலும் வைத்து ஒவ்வொரு முறையும் அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். மூன்று மூலை கூர்மையாக இருந்து ஒன்று மட்டும் மசங்கினால் கோளாறு அந்த லென்ஸ் பிரதியில், பிராண்டில் இல்லை.

பேட்டரி, கார்டு பற்றிச் சுருக்கமாக. வியூஃபைண்டரில் ஏ7 மார்க் 4-க்கு அதிகாரபூர்வக் கணக்கு 520 படம், இசட்8-க்கு 330. தொடராக எடுத்தால் இரண்டுமே பல மடங்கு தரும், ஆனாலும் இசட்8-க்குக் கூடுதலாக இரண்டு பேட்டரி எழுதிக்கொள்ளுங்கள். ஆர்5, இசட்8 இரண்டிலும் ஒரு ஸ்லாட் சிஎஃப் எக்ஸ்பிரஸ் பி, மற்றொன்று எஸ்டி. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு வைத்தால் எஸ்டி கார்டின் வேகம்தான் கடைசி வேகம். பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பி பாடி திணறும்போது திட்ட வேண்டியது கார்டை.

பிராண்ட் மாறுபவருக்குக் கடைசியாகக் கையில் ஒட்டியிருக்கும் பழக்கம். லென்ஸை மாட்டும் திசை கேனானுக்கும் நிக்கானுக்கும் எதிரெதிர். ஜூம் வளையமும் அப்படியே. முதல் சில வாரங்கள், அவசரத்தில் அகலமாக்க நினைத்துக் கிட்டே இழுத்துவிடுவீர்கள். இரண்டு பிராண்டையும் ஒரே நாளில் கலந்து எடுப்பது இதனால்தான் கஷ்டம். ஃப்ளாஷை இயக்கும் டிடிஎல் ட்ரிக்கரும் பிராண்டுக்கு ஒன்று; கோடாக்ஸ் நிறுவனத்தின் ட்ரிக்கரை வாங்கினால் சி, என், எஸ் என்று எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கேபிளும் பாருங்கள்: ஆர்5-இல் மைக்ரோ எச்டிஎம்ஐ, ஆர்5 மார்க் 2-இல் முழு அளவு.

வாடகைக்கு எடுப்பதென்றால் பாடியை மட்டும் எடுக்காமல், வாங்கப்போகும் அதே லென்ஸோடு இரண்டு நாள் எடுங்கள். முதல் நாள் பொத்தான் அமைத்துப் பழகுவதற்கே போய்விடும். இரண்டாம் நாள் உண்மையான வேலை. திருப்பிக் கொடுக்கும் முன் அமைப்புகளைக் கார்டில் சேமித்து எடுத்துக்கொள்ளுங்கள், அதே மாடல் வாங்கினால் ஏற்றிக்கொள்ளலாம். ரா ஃபைல்களை அன்றே உங்கள் மென்பொருளில் திறந்து பார்த்துவிடுங்கள்; புது பாடியின் ஃபைலை பழைய பதிப்பு திறக்காது. அது பாடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு தெரிந்தால், இன்னொரு நாள் வாடகை.